பூட்டிய கதவுக்கு வெளியே: ஒரு விலங்குக் காப்பகத்தின் ஊரடங்குக் காலச் சேவை

சென்னையின் தெற்குப் புறநகரில், தாம்பரம் தாண்டி உள்ளே தள்ளி இருக்கும் ஒரு விலங்குக் காப்பகத்தின் சேவைகளை 2020 மார்ச் மாதத்திலிருந்து 2022 தொடக்கம் வரை, அதாவது கொரோனா அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போன காலம் முழுவதும், எங்கள் குடும்பம் பயன்படுத்தியிருக்கிறது. பூனைக்கு அவசரச் சிகிச்சை செய்துகொண்டது, நாயைச் சில வாரங்கள் அவர்களுடைய பராமரிப்பில் விட்டது, தாயில்லாத இரண்டு நாய்க்குட்டிகளை வீட்டில் வைத்து வளர்த்துக் கொடுத்தது, தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்யச் சொல்லி மாதக்கணக்கில் நச்சரித்தது என்று நான்கு விதமாக அவர்களோடு பழகியிருப்பதால், நிறைகுறைகளைச் சற்று விரிவாகவே எழுத முடியும் என்று நினைக்கிறேன். குறைகளையும் மறைக்காமல் சொல்லப் போவதால் காப்பகத்தின் பெயரை எழுதவில்லை. அந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்குப் புங்க மரத்தடிக் கல் பெஞ்சு என்றாலே எந்த இடம் என்று புரிந்துவிடும்.

2020க்கு முன்னால் அந்த இடம் ஒரு திறந்த மடம். காலையில் கதவைத் திறந்தால் இரவுதான் மூடுவார்கள். அடிபட்ட நாயை ஆட்டோவில் கொண்டுவருபவர், வீடு மாறுவதால் பூனையை விட்டுவிட வந்தவர், பள்ளி விடுமுறையில் குழந்தைகளுக்கு முயல் காட்ட வந்தவர் என்று எல்லோரும் ஒரே வராண்டாவில் நின்றுகொண்டிருப்பார்கள். திறந்த வீட்டில் நாய் நுழைந்தது போல என்ற பழமொழியை அங்கே மட்டும் யாரும் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தாராளத்துக்கு ஒரு விலை இருந்தது. கூண்டுகள் எப்போதும் நிரம்பி வழிந்தன; ஒரு குட்டிக்குப் பார்வோ என்ற வைரஸ் தொற்று வந்தால் வரிசை முழுவதும் போய்விடும். பெருந்தொற்றுக் காலத்தில் அவர்கள் செய்த மிகப் பெரிய மாற்றம், விலங்கை உள்ளே வாங்கிக்கொள்வதே சேவை என்ற இந்தப் பழக்கத்தை விட்டு, அது எங்கே இருக்கிறதோ அங்கேயே வைத்துக் காப்பாற்றப் பார்த்ததுதான். எந்த வேலையை அப்படிச் செய்ய முடிந்ததோ அதை நன்றாகச் செய்தார்கள். உள்ளே கொண்டுவந்தே தீர வேண்டிய வேலையில் கோட்டை விட்டார்கள்.

தமிழ்நாட்டில் 2020 மார்ச் 24 அன்று மாலை 6 மணிக்கு 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுவதும் ஊரடங்கு. கால்நடைத் தீவனக் கடைகளும் கால்நடை மருத்துவமனைகளும் விதிவிலக்குப் பட்டியலில் இருந்தன என்பது உண்மை. ஆனால் மருத்துவமனை திறந்திருப்பதும் நாம் அங்கே போய்ச் சேர்வதும் வேறு வேறு. தமிழக அரசின் இ-பாஸ் திருமணம், இறப்பு, மருத்துவ அவசரம் ஆகியவற்றுக்குத்தான் கிடைத்தது. மருத்துவ அவசரம் என்றால் மனிதனுக்கு என்றுதான் சோதனைச் சாவடியில் நிற்பவரும் புரிந்துகொண்டார். இதற்குக் காப்பகம் கண்ட வழி எளிமையானது. தொலைபேசியில் விவரம் கேட்டு, நேரம் ஒதுக்கி, தங்கள் கடிதத்தாளில் விலங்கின் வகை, நோயின் தன்மை, வாகன எண், வர வேண்டிய மணி ஆகியவற்றை எழுதி, மருத்துவர் கையெழுத்திட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். சட்டப்படி அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு இருந்ததோ, எங்களை இரண்டு இடத்தில் நிறுத்திய காவலர்கள் அதைப் படித்துவிட்டு, கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, போகச் சொல்லிவிட்டார்கள்.

கூடைக்குள் இருந்தது எங்கள் வீட்டுக் கடுவன் பூனை, கருவாயன். சென்னையிலும் அதைச் சுற்றிய மூன்று மாவட்டங்களிலும் 2020 ஜூன் 19 முதல் 30 வரை ஊரடங்கை மறுபடி இறுக்கிய நாள்கள் அவை. காய்கறி வாங்குவதற்கே இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் போகக்கூடாது. காலையிலிருந்து கருவாயன் மணல் தட்டில் ஏறி உட்கார்ந்து முக்குவதும், ஒன்றும் வராமல் இறங்குவதும், ஒரு மாதிரி அடித்தொண்டையில் கத்துவதுமாக இருந்தது. மலச்சிக்கல்தான், கொஞ்சம் விளக்கெண்ணெய் கொடுக்கலாமா என்று அம்மா கேட்டார். தொலைபேசியில் பேசிய மருத்துவர் முதலில் கேட்டது பூனை ஆணா பெண்ணா என்பதை. அடுத்து, அடிவயிற்றை இரண்டு விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, உருண்டையாக ஏதாவது தட்டுப்படுகிறதா, எலுமிச்சை அளவா, சாத்துக்குடி அளவா என்றார். சாத்துக்குடி என்றேன். “கடிதம் வந்துகொண்டே இருக்கும், நீங்கள் இப்போதே கிளம்புங்கள்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆண் பூனையின் சிறுநீர்ப் பாதை குறுகலானது. அதில் படிகமோ சளியோ அடைத்துக்கொண்டால் சிறுநீர் பின்னுக்குத் தேங்கிச் சிறுநீரகம் கெடும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இரண்டு மூன்று நாளில் இதயம் நின்றுவிடும். அந்த மாதம் எங்கள் பகுதியில் தனியார் கிளினிக்குகள் பெரும்பாலும் மூடியிருந்த நிலையில், மலச்சிக்கல் என்று நாங்கள் எண்ணியதை அவசரம் என்று மூன்று கேள்வியில் கண்டுகொண்ட அந்தத் தொலைபேசிப் பரிசோதனைக்கே முழு மதிப்பெண் கொடுப்பேன்.

நாங்கள் போனபோது இரும்புக் கதவு பூட்டியிருந்தது. வெளியே புங்க மரத்தடியில் ஒரு கல் பெஞ்சு, அதன் பக்கத்தில் குழாய் வைத்த நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய், ஒரு சோப்பு, தரையில் சுண்ணாம்பால் போட்ட வட்டங்கள். கூடையைப் பெஞ்சில் வைத்துவிட்டு வட்டத்துக்குள் போய் நிற்க வேண்டும். மழைக்கோட்டு அணிந்த உதவியாளர் ஒருவர் (பாதுகாப்பு உடைக்குத் தட்டுப்பாடு இருந்த தொடக்க மாதங்களில் வாங்கிய கோட்டாம்) வந்து கூடையின் கைப்பிடியை மட்டும் கிருமிநாசினித் துணியால் துடைத்து, எண் எழுதிய அட்டையைக் கட்டி உள்ளே எடுத்துப் போனார். பிறகு எல்லாம் தொலைபேசியில்தான். மயக்க மருந்துக்கு ஒப்புதலைக் குரல் பதிவாகக் கேட்டார்கள். சம்மதம் என்று மரத்தடியில் நின்றபடி சொல்லி அனுப்பினேன். நாற்பது நிமிடத்தில் அடைப்பை உப்பு நீரால் கழுவி நீக்கிக் குழாய் போட்டாகிவிட்டது என்று செய்தி வந்தது. இரண்டு நாள் உள்ளே வைத்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மொத்தம் 1,850 ரூபாய். கதவில் தொங்கிய தகரத்தில் ஒட்டிய கியூஆர் குறியீட்டில் செலுத்தினேன். உலர் உணவைக் குறைத்துத் தண்ணீர் அதிகம் சேரும்படி கொடுக்கச் சொன்ன குறிப்பை இன்றுவரை பின்பற்றுகிறோம். கருவாயனுக்கு மறுபடி அந்தத் தொல்லை வரவில்லை.

இந்தக் கதவடிச் சேவையில் எனக்குப் பிடித்த இன்னொன்று, எதைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதில் அவர்களுக்கு இருந்த தெளிவு. வளர்ந்த நாய்க்கு ஆண்டுதோறும் போடும் தடுப்பூசி சில வாரம் தாமதமானால் பரவாயில்லை என்றார்கள். குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் முதல் சுற்று ஊசிகளையும், வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் ஒருநாளும் நிறுத்தவில்லை. தோல் அரிப்பு, உண்ணி, காது நாற்றம் போன்றவற்றுக்குப் புகைப்படம் பார்த்தே மருந்து சொன்னார்கள். நடைப்பயிற்சி முடிந்து வந்த நாயின் பாதத்தில் சானிடைசர் தடவுவது அந்த நாள்களில் எல்லா வீட்டிலும் பரவியிருந்தது. நாய் பாதத்தை நக்கும், ஆல்கஹால் வயிற்றுக்குள் போகும், சோப்பும் தண்ணீருமே போதும் என்று அழைத்தவர்களிடமெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பூனை இருக்கும் வீட்டில் பினாயில் ஊற்றித் துடைக்க வேண்டாம், அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது என்பதும் அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆனால் இந்த நல்ல அறிவுரையெல்லாம் அந்தத் தொலைபேசி எடுக்கப்பட்டால்தான். முதல் மூன்று மாதம் ஒரே எண், ஒரே இணைப்பு. கருவாயனுக்கு ஆனது என் அதிர்ஷ்டம். ஏழாவது முறையில் கிடைத்துவிட்டது. அதற்கு முன் ஏப்ரலில் ஒரு தெரு நாய்க்காக இரண்டு நாளில் அறுபது முறைக்கு மேல் அழைத்து, கடைசியில் அந்த நாயே எங்கோ போய்விட்டது. ஜூலையில் அவசரத்துக்குத் தனி எண், மற்றவற்றுக்கு வாட்ஸ்அப் எண் என்று பிரித்தார்கள். இந்தப் பிரிவினையை முதல் வாரத்திலேயே செய்திருக்கலாம். அதற்கு ஒரு சிம் அட்டைக்கு மேல் செலவில்லை. வாட்ஸ்அப் இல்லாதவர்கள் கடைசி வரை அவதிப்பட்டார்கள். பல்லாவரத்தில் தனியாக இருக்கும் என் அத்தை, பட்டன் போன்தான் வைத்திருப்பார். தன் நாயின் காலில் வந்த கட்டியை எனக்கு வாயால் விவரித்து, நான் அதைத் தட்டச்சு செய்து அனுப்பி, படம் இல்லாமல் சொல்ல முடியாது என்று பதில் வாங்கி, எதிர் வீட்டுப் பையன் வந்து படம் எடுக்கும்வரை நான்கு நாள் ஆயிற்று.

தெருவுக்கு வருகிறேன். எங்கள் முனைத் தேநீர்க் கடையை நம்பி ஏழு நாய்கள் இருந்தன. டீ குடிக்க வருபவர்கள் கண்ணாடி ஜாடியிலிருந்து ஒரு பொறை வாங்கி உடைத்துப் போடுவதுதான் அவற்றின் காலை உணவு. பக்கத்து பிரியாணிக் கடையின் எலும்பு இரவு உணவு. இரண்டும் ஒரே நாளில் நின்றன. தேநீர்க் கடைகளுக்குப் பார்சல் மட்டும் என்று அனுமதி கிடைத்ததே மே 11 அன்றுதான். பார்சல் வாங்குபவர் நாய்க்குப் பொறை போட நிற்கமாட்டார் என்பதை அந்த நாய்களும் விரைவில் தெரிந்துகொண்டன.

தொடக்கத்தில் காப்பகமே வண்டியில் சோறு கொண்டுவந்து போட்டது. பத்து நாளில் அதைக் கைவிட்டு, தெருவுக்கு ஒரு வீடு என்று ஆள் பிடித்து அரிசிச் சிப்பம் கொடுக்க ஆரம்பித்தார்கள். பெட்ரோலும் அனுமதிச் சீட்டும் மிச்சமானதோடு, அந்தத் தெரு நாய்களைப் பெயர் சொல்லி அழைப்பவர் கையாலேயே சோறு விழுந்தது. எங்கள் தெருவுக்கு நாங்கள்தான் அந்த வீடு. நொய் அரிசி, கோழிக் கால், கழுத்து, ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டுக் குழைய வேகவைக்க வேண்டும். உப்பு வேண்டாம், நாய்களின் இரத்த அணுக்களைச் சிதைக்கும் என்பதால் வெங்காயம் கூடவே கூடாது. காலை ஆறு மணிக்கு முன் போட்டுவிட வேண்டும், ஒரே இடத்தில் குவிக்காமல் பத்தடிக்கு ஒன்றாக வைக்க வேண்டும், காலி இலையைத் திரும்ப எடுத்துவர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாள் இல்லாமல் இருந்திருந்தால் இரண்டாவது நாளே எதிர்வீட்டாரோடு சண்டை வந்திருக்கும். கத்திரி வெயிலுக்கு முன்பாகவே தெருவுக்கு இரண்டு சிமெண்டுத் தொட்டியும் வந்து சேர்ந்தது.

மாடுகள் விஷயத்தில் இந்தத் திட்டமிடலைக் காணவில்லை. காப்பகத்துக் கொட்டிலில் இருந்த மாடுகளுக்குக் கோயம்பேட்டிலிருந்து முட்டைக்கோஸ், காலிபிளவர் இலைக் கழிவுகள் வந்துகொண்டிருந்தன. தொற்று பரவியதால் 2020 மே 5 அன்று கோயம்பேடு மூடப்பட்டு, சந்தை திருமழிசைக்குப் போனதும் அந்த வரத்து நின்றது. மார்ச்சிலேயே வைக்கோல் சேர்த்திருந்தால், மே மாதத்தில் வாட்ஸ்அப் குழுவில் எலும்பு தெரியும் மாடுகளின் படத்தைப் போட்டு அவசர நன்கொடை கேட்டிருக்க வேண்டியதில்லை.

ஆகஸ்டில் எங்களுக்கு இரண்டு குட்டிகள் வந்தன. தாய் வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டது. குட்டிகளுக்குக் கண் திறக்கவில்லை. முன்பென்றால் இவை நேராகக் கூண்டுக்குப் போய், பெரும்பாலும் ஒரு வாரத்தில் முடிந்துபோயிருக்கும். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் ஊர் முழுக்க இருப்பதைக் கண்டு, தற்காலிக வளர்ப்பு என்ற ஏற்பாட்டை அந்த ஆண்டுதான் முறையாகத் தொடங்கினார்கள். ஓர் அட்டைப்பெட்டியில் குட்டிகளுக்கான பால் பொடி, ஊசியில்லாத சிரிஞ்சு, வெந்நீர்ப் பை, பஞ்சு ஆகியவற்றை வைத்துக் கொடுத்தார்கள். நாய்ப் பாலில் இருக்கும் கொழுப்பும் புரதமும் பசும்பாலில் இல்லை, வயிற்றுப்போக்கும் வரும் என்பதால் பசும்பால் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால். ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் துடைத்துவிட்டால்தான் சிறுநீர் போகும், தாய் நக்கிவிடுவதற்கு அது ஈடு. தினமும் காலையில் சமையலறைத் தராசில் நிறுத்து எடையை அனுப்ப வேண்டும். 215 என்று அனுப்பினால் மருத்துவரிடமிருந்து “சரி” என்று வரும். 210 என்று அனுப்பினால் “பாலைக் கூட்டுங்கள்” என்று வரும். எட்டு வாரத்தில் இந்த இரண்டு வாக்கியத்துக்கு மேல் அவர் எழுதியதாக நினைவில்லை, ஆனால் ஒரு நாளும் பதில் வராமல் இருந்ததில்லை. இரண்டு குட்டிகளும் பிழைத்தன.

தத்துக் கொடுத்த முறைதான் அரைகுறை. காணொளி அழைப்பில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்வார்கள். பால்கனிக்குக் கம்பி இருக்கிறதா, முன்பு நாய் வளர்த்தது உண்டா என்று கேட்பார்கள். வீட்டுக்காரரையும் அடுக்குமாடிச் சங்கத்தையும் கைபேசித் திரையில் பார்க்க முடியாதல்லவா? நாங்கள் வளர்த்த குட்டிகளில் ஒன்று நான்கு மாதத்தில் திரும்பி வந்தது. மின்தூக்கியில் நாயை ஏற்றக் கூடாது என்று சங்கம் தீர்மானம் போட்டதாம். செல்லப்பிராணி வளர்ப்பதைக் குடியிருப்புச் சங்கங்கள் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதன் நகல் ஒன்றைத் தத்தெடுப்பவர் கையில் கொடுத்திருந்தால் அந்தக் குடும்பம் எதிர்த்துப் பேசியிருக்கக்கூடும். அடுத்த ஆண்டிலிருந்து வாடகைக்கு இருப்பவர்களிடம் வீட்டு உரிமையாளரின் கடிதம் கேட்கிறார்கள், வழிகாட்டுதல் நகலும் தருகிறார்கள். எங்கள் குட்டிக்குப் பிறகு வந்த ஞானம். அது இப்போது என் அக்கா வீட்டில் சோபாவைத் தின்றுகொண்டிருக்கிறது.

இனி கருத்தடை. தெரு நாய்களைப் பிடித்து, அறுவை செய்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, அடையாளமாகக் காது ஓரத்தில் சிறு வெட்டு வைத்து, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும் என்பது 2001-ஆம் ஆண்டு விதிகளிலிருந்து நடைமுறையில் இருக்கும் வேலை. விலங்கை இருந்த இடத்தில் வைத்துச் செய்ய முடியாத வேலை இது ஒன்றுதான். 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். கையுறைக்கும் ஸ்பிரிட்டுக்கும் தட்டுப்பாடு, நாய் பிடிப்பவர்கள் வெளி மாவட்டத்தில் சொந்த ஊரில் மாட்டிக்கொண்டார்கள் என்ற காரணங்களை நான் முழுமையாக ஏற்கிறேன், ஆகஸ்ட் வரைக்கும். செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் பயணம் செய்ய இ-பாஸ் தேவையில்லை என்றாயிற்று. 7-ஆம் தேதியிலிருந்து மாவட்டங்களுக்கிடையே பேருந்தும் ஓடியது. அதன் பிறகும் எங்கள் தெருவின் காது வெட்டில்லாத இரண்டு பெட்டை நாய்களுக்காக நான் அனுப்பிய ஒவ்வொரு செய்திக்கும் “பட்டியலில் சேர்த்துவிட்டோம்” என்ற ஒரே பதில்தான் வந்தது. நாயின் கர்ப்ப காலம் ஏறக்குறைய 63 நாள். ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். பட்டியல் காத்திருக்கும், பெட்டை நாய் காத்திருக்காது. அடுத்த சனவரியில் இரண்டும் சேர்ந்து பதினொரு குட்டிகள் போட்டன. பார்வோ வந்து எட்டு செத்தன; அவற்றில் ஆறை நான்தான் புதைத்தேன். அறுவைக்கூடத்தை மறுபடி திறந்தது அந்த மாதக் கடைசியில்தான். நன்கொடை குறைந்திருந்தது எனக்குத் தெரியும், ஆனாலும் வாரத்துக்கு ஐந்து நாய் என்ற அளவிலாவது அக்டோபரில் தொடங்கியிருக்க முடியும் என்பதே என் எண்ணம். இதைப் பொறுப்பாளரிடம் நேரில் சொன்னபோது அவர் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை.

இரண்டாம் அலையில் அவர்கள் செய்ததைப் பார்த்த பிறகு, இந்தக் கோபத்தை முழுதாக வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. 2021 மே 10 அன்று மறுபடி முழு ஊரடங்கு வந்தது. அடுத்த வாரம் எங்கள் வீட்டில் அம்மா, அப்பா, நான் மூவருக்கும் தொற்று. அப்பாவுக்கு ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டிருந்தது. மருத்துவமனையில் படுக்கை கிடைத்தால் யாராவது ஒருவர் உடன் போக வேண்டும், மற்றவர் எழுந்து நிற்கும் நிலையில் இல்லை. பன்னிரண்டு வயது நாட்டு நாய் ராஜாவை யார் பார்ப்பது? முதல் அலையில் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து அழைப்பு வந்து திணறிய காப்பகம், இப்போது பின்புறம் ஒரு வரிசைக் கூண்டுகளைத் தனியாக ஒதுக்கி, அந்த வரிசைக்கென்றே இருவரை நியமித்து, கொரோனா வீட்டு நாய்களைப் பதினான்கு நாள் தனியாக வைத்துப் பார்க்கும் ஏற்பாட்டோடு இருந்தது. கட்டணம் நாளுக்கு 250 ரூபாய். உரிமையாளர் மருத்துவமனையில் இருந்தால் அதுவும் இல்லை.

ஒரு படிவம் அனுப்பினார்கள். தயிர் சேருமா, இடிக்குப் பயப்படுமா, எந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கும் என்ற கேள்விகளையெல்லாம் அம்மா படுத்தபடியே சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசிக் கேள்வி: “நீங்கள் திரும்ப வர இயலாத நிலை ஏற்பட்டால் யாரிடம் ஒப்படைக்க வேண்டும்?” அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு அக்காவின் பெயரைச் சொன்னார். அப்படி ஒரு கேள்வியை அச்சிட்டு வைத்திருந்தது கொடுமையாக அப்போது தோன்றியது. அந்த மாதத்தில் அதைக் கேட்காமல் நாயை வாங்கியிருந்தால்தான் பொறுப்பின்மை என்பது பிறகு விளங்கியது.

ராஜாவைக் கழுத்துப் பட்டையோடு வாசல் கேட்டில் கட்டிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டோம். பாதுகாப்பு உடையில் வந்தவரைப் பார்த்து அது குரைத்தது. அவர் தரையில் உட்கார்ந்து, படிவத்தில் எழுதியிருந்தபடி “ராசுக்குட்டி” என்று அழைத்ததும் வாலை ஆட்டிக்கொண்டு போய்விட்டது. வழக்கமான நாய் ஷாம்பூவால் ஒரு முறை குளிப்பாட்டியதோடு சரி, கிருமிநாசினி எதையும் மேலே தெளிக்கவில்லை. தினமும் மாலையில் பத்து வினாடிக் காணொளி வரும். மருத்துவமனை வராண்டாவில் அப்பாவுக்கு அதைக் காட்டுவதற்காகவே நான் காத்திருப்பேன்.

அந்த வாரங்களில்தான் வண்டலூர் உயிரியல் பூங்காவில் கொரோனா தொற்றிய சிங்கங்களில் நீலா ஜூன் 3 அன்றும் பத்மநாபன் ஜூன் 16 அன்றும் இறந்தன. செய்தி வெளியானதும் நாய், பூனைகளை வெளியே விடுவதற்கு வழி கேட்டு அழைப்புகள் குவிந்தனவாம். இதற்குக் காப்பகம் ஒன்றரை நிமிடக் குரல் பதிவு ஒன்றைத் தயாரித்து வட்டாரம் முழுவதும் பரவச் செய்தது. விலங்குக்குத் தொற்று பெரும்பாலும் மனிதரிடமிருந்தே போகிறது, உங்களுக்கு நோய் இருந்தால் நீங்கள்தான் நாயிடமிருந்து விலகி இருக்க வேண்டும், நாயை விரட்டிவிடுவதால் உங்களுக்கு ஒரு பாதுகாப்பும் கூடப்போவதில்லை என்பதை ஒரு பெண் மருத்துவர் பதற்றமில்லாத குரலில் சொல்லியிருந்தார். எங்கள் தெருக் குழுவில் நான்கு பேர் நான்கு முறை அதையே அனுப்பினார்கள். கொரோனாக் கால முன்னனுப்பல்களில் நான் அழிக்காமல் வைத்திருப்பது அது ஒன்றுதான்.

மூன்று வாரம் கழித்து ராஜா திரும்பி வந்தபோது இரண்டு கிலோ இளைத்திருந்தது, காது மடலில் உண்ணி. கேட்டதற்கு, வயதான நாய்கள் இடம் மாறினால் சரியாகச் சாப்பிடாது என்றார்கள். உண்மையாக இருக்கலாம், உண்ணி பசியால் வருவதில்லை. ஒரு வரிசைக்கு இருவர் என்பது அந்தக் கூட்டத்துக்குப் போதவில்லை என்றே நினைக்கிறேன். கட்டணம் கேட்கவில்லை, அப்பா வீட்டுக்கு வந்ததும் நாங்களாக ஒரு தொகை அனுப்பினோம். அதற்கான 80ஜி ரசீது (வருமான வரிச் சலுகைக்குக் காட்டுவது) ஏழு மாதம் கழித்து, நான்கு நினைவூட்டல்களுக்குப் பிறகு வந்தது. நன்கொடைக் கணக்கு எழுதுவதில் இவர்கள் முன்பும் இப்படித்தான், பெருந்தொற்றைக் குறை சொல்லிப் பயனில்லை.

இப்போதைய நிலவரம்: முன்பதிவும் கதவடிப் பரிசோதனையும் நிலைத்துவிட்டன, உள் வராண்டாவில் பழைய கூட்டம் இல்லை. தற்காலிக வளர்ப்பு தொடர்கிறது, ஆனால் அலுவலகங்கள் திறந்த பின் ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டதால் பகலில் வீட்டில் இருப்பவர்கள் கேட்டால் உடனே கொடுத்துவிடுகிறார்கள். மருத்துவமனையில் சேர்பவர்களின் நாயைப் பார்த்துக்கொள்ளும் வசதியை எந்த நோய்க்கும் என்று நீட்டித்திருக்கிறார்கள், நாளுக்கு 300 ரூபாய். உண்ணி மருந்தை நீங்களே போட்டு அனுப்புங்கள். தத்துக்குக் காணொளி போதாது, வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். கருத்தடைக்குப் பதிவு செய்தால் எண் ஒன்று தருகிறார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு வாரம் ஒரு முறை கேட்டால்தான் நகரும். அவசரமில்லாத காரியத்துக்குச் செவ்வாய், புதன் மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள் அழைத்தால் தொலைபேசியை எடுக்கிறார்கள். பூனை கொண்டுபோவதானால் கூடைக்கு வலை கட்டிக்கொள்ளுங்கள், பெஞ்சின் இடது ஓரத்தில் வைக்காதீர்கள். பதினொரு மணிக்கு மேல் புங்க நிழல் அங்கே எட்டாது.